யாரும் பார்க்காத கை யாருடையது?

கேள்வி: நானும் என் மனைவியின் தம்பியும் மூன்று வருடமாகச் சேர்ந்து மேஜிக் ஷோ நடத்துகிறோம். பள்ளி ஆண்டு விழா, கல்யாண ரிசப்ஷன், கோவில் திருவிழா என்று வாய்ப்பு வருகிறது. 35 நிமிடம், 9 ஐட்டம். மைக் பிடித்துப் பேசுவது நான். அவனுக்குக் கைவேகம் என்னைவிட அதிகம், ஆனால் கூச்ச சுபாவம். பொருளை எடுத்துக் கொடுப்பான், வாங்கி வைப்பான். ஷோ முடிந்ததும் எல்லோரும் என் கையைத்தான் பிடித்துக் குலுக்குகிறார்கள். "நான் என்ன உங்களுக்கு எடுபிடியா மாமா?" என்று கேட்டுவிட்டான். சரியென்று ஐட்டங்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து மாறி மாறிச் செய்து பார்த்தோம். ஷோ முன்பைவிடத் தொய்ந்துவிட்டது. போன மாதம், தொப்பிக்குள் இருக்க வேண்டியதை அவன் வைத்திருப்பான் என்று நானும், நான் வைத்திருப்பேன் என்று அவனும் நினைத்து, வெறும் தொப்பியோடு நின்றோம். எப்படிப் பிரித்துக்கொள்வது? மனசைப் படிக்கும் ஐட்டமும், பெட்டிக்குள் ஆள் மாறும் ஐட்டமும் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மைத்துனரின் கோபம் நியாயமானது. நீங்கள் செய்த வைத்தியம்தான் சரியில்லை. அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்ததும் வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புவார்களே, அப்படி ஷோவின் நடுவில் எழுப்பிவிட்டீர்கள்.

9 ஐட்டங்களை மாறி மாறிச் செய்தால் 8 இடத்தில் கை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் மேசை மாறி, மைக் மாறி, புதிய முகத்துக்கு ஜனங்கள் பழக 20 விநாடி போனாலும் மொத்தம் 160 விநாடி. அதைவிட மோசம், முறை வராதவர் என்ன செய்கிறார் என்பது. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். நூறு தடவை பார்த்த ஐட்டத்தில் அவருக்கு ஆச்சரியம் இல்லை, அது முகத்தில் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவனுக்கே சலித்துப்போன வித்தையைப் பார்க்க வந்தவர் ஏன் ரசிக்கப் போகிறார்?

பிரிக்க வேண்டியது ஐட்டங்களை இல்லை, ஒரே ஐட்டத்துக்குள் இருக்கும் வேலையை. தனியாக மேடையேறுகிற வித்தைக்காரர் ஜனங்களின் கண்ணை இழுப்பதையும், அந்தக் கண் படாத இடத்தில் காரியத்தை முடிப்பதையும் ஒரே உடம்பால் செய்தாக வேண்டும். வலது கையைப் பார்க்க வைத்து இடது கையால் எடுக்கிறார். இரண்டு கையும் ஒரே உடம்பில் தொங்குவதால் அவருக்கு எல்லை உண்டு. நீங்கள் இரண்டு பேர், மேடையில் ஆறடி தள்ளி நிற்க முடியும். ஒருவர் கண்ணை இழுக்கும் அந்த மூன்று விநாடி மற்றவரின் கைக்கு முழுச் சுதந்திரம். இந்த வசதியை வைத்துக்கொண்டு அவரைப் பொருள் தூக்க வைத்ததுதான் உண்மையான நஷ்டம்.

யார் எதற்கு என்பதை உங்கள் மண்டபத்து மைக்கே பாதி தீர்மானித்துவிட்டது. பெரும்பாலான இடத்தில் கையில் பிடிக்கிற கார்ட்லெஸ் ஒன்றைத்தான் தருவார்கள். பேசுகிறவரான உங்களிடம் மிச்சம் இருப்பது ஒரு கை. அவரிடம் இரண்டு கையும் வேகமும் இருக்கிறது, பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே கண்ணை இழுப்பது பெரும்பாலும் நீங்கள், வித்தை நடப்பது அவர் கையில். "பெரும்பாலும்" என்றதற்குக் காரணம் உண்டு. இது 35 நிமிடமும் இப்படியே ஓடினால் ஜனங்கள் கணக்கைப் பிடித்துவிடுவார்கள். "அவன் பேசும்போது இவனைப் பார்" என்று முன்வரிசைப் பையன் பக்கத்துப் பையனிடம் சொல்லிவிடுவான். அதனால் ஒவ்வொரு ஐட்டத்துக்குள்ளும் இரண்டு மூன்று தடவை வேலை இடம் மாற வேண்டும்.

இதை வாயால் பேசி முடிவு செய்யாதீர்கள். ஒரு நீளத் தாளை எடுத்து ஒரு ஐட்டத்தைப் பத்துப் பத்து விநாடியாகக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: ஜனங்களின் கண் எங்கே இருக்கிறது, உங்கள் இரண்டு கை என்ன செய்கின்றன, அவருடைய இரண்டு கை என்ன செய்கின்றன. எழுதி முடித்ததும், இரண்டு பேருமே சும்மா இருக்கும் கட்டம் எது, இரண்டு பேருமே கண்ணை இழுக்கும் கட்டம் எது என்று தேடுங்கள். முதலாவது தொய்வு. இரண்டாவது குழப்பம். இரண்டையும் சிவப்பு மையில் வட்டம் போட்டால் போதும், ஒத்திகையில் சரிசெய்ய வேண்டிய இடங்கள் தெரிந்துவிடும்.

ஒரு ஐட்டத்தை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். காற்றில் காசு பிடித்து வாளியில் போடுவது பழைய ஐட்டம், நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள். தனியாளாகச் செய்யும்போது வாளி பிடித்த கையிலேயே காசு அடுக்கையும் மறைத்து, அடுத்த கையில் ஒரே காசைத் திரும்பத் திரும்பக் காட்டி மறைக்க வேண்டும். இருவராக இதைப் பிரியுங்கள். தகர வாளி உங்கள் இடது கையில், மைக் வலது கையில். நான்கு விரலும் வாளிக்குள், கட்டைவிரல் வெளியே. உள்ளே இருக்கிற விரல்களுக்கும் வாளிச் சுவருக்கும் இடையில் எட்டுக் காசு அடுக்கு. பத்து ரூபாய்க் காசு 27 மி.மீ. விட்டம், எட்டை அடுக்கினாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மைத்துனரிடம் ஒரே ஒரு காசு. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, விரலை விரித்துக் காட்டி, காற்றில் ஒன்றைப் பறிக்கிறார். வாளியை நோக்கி வீசுவது போல் வீசி, காசை உள்ளங்கையில் நிறுத்திக்கொள்கிறார். நீங்கள் ஒன்றை நழுவவிடுகிறீர்கள். டங்.

ஜனங்கள் அவருடைய கையைக் கண்ணால் துளைப்பார்கள். துளைக்கட்டும். ஒரு கையில் வாளி, ஒரு கையில் மைக் என்று இரண்டு கையும் வேலையாக இருக்கிற ஆளை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த மூன்று நிமிடமும் நீங்கள்தான் உங்கள் மைத்துனருக்கு எடுபிடி என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஐட்டம் கெடுவது சத்தத்தில். ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்பி விழுகிற காசுக்குக் கிட்டத்தட்ட 0.9 விநாடி பிடிக்கும். அரை மீட்டர் என்றால் 0.6 விநாடிக்குச் சற்று மேல். பதற்றத்தில் எல்லோரும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். கை வீசி முடிப்பதற்குள் வாளி சத்தம் போட்டால் எல்லாக் கண்ணும் உங்கள் விரலுக்கு வந்துவிடும். மருந்து கண்ணில் இருக்கிறது. இல்லாத காசை இரண்டு பேரும் பார்வையால் தொடர வேண்டும்: மேலே போகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, இறங்குகிறது, வாளிக்குள் போகிறது. இரண்டு தலையும் ஒரே வளைவில் நகர்ந்தால் கூட்டத்தின் தலையும் நகரும். போனில் மெட்ரோனோம் செயலி போட்டு நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டில் வீசி அடுத்த தட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழும்படி தினமும் 50 தடவை பழகுங்கள். காசு விழும்போது வாளி ஒரு விரற்கடை தாழ வேண்டும், நிஜமாக எதையோ வாங்கிக்கொண்டதைப் போல. அசையாத வாளி பொய் சொல்கிறது என்று மூளைக்குத் தெரிந்துவிடும், ஏன் என்றுதான் தெரியாது.

வியர்வையில் காசு ஒட்டி ஒரே நேரத்தில் இரண்டு விழும். வெயில் காலத்தில் இது நடந்தே தீரும். முன்கூட்டியே துணியால் உலரத் துடையுங்கள். மீறி விழுந்தால் அவர் ஒரு கணம் திகைத்துத் தன் கையைப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டட்டும். தப்பு சிரிப்பாகிவிடும்.

எட்டு முடிந்ததும் நீங்கள் "போதும்பா" என்கிறீர்கள். அவர் தலையாட்டி மறுத்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற மைக்கின் தலையிலிருந்தே ஒன்பதாவதைப் பறிக்கிறார். அதை நிஜமாகவே, மெதுவாக, எல்லோரும் பார்க்க வாளியில் போடுகிறார். பொய்யான எட்டுக்கும் இந்த ஒரு நிஜம் சாட்சி. கொட்டிக் காட்டினால் ஒன்பது.

இப்போது அவருடைய கூச்சத்துக்கு வருவோம். அதை மாற்றப் பாடுபட வேண்டாம். அமெரிக்காவின் பென் அண்டு டெல்லர் ஜோடி 1975 முதல் சேர்ந்து மேடையேறுகிறது. பென் ஆறரை அடி உயரம், ஓயாமல் பேசுவார். டெல்லர் குள்ளமாகத் தெரிவார், மேடையில் வாயே திறக்க மாட்டார். டெல்லர் அந்த மௌனத்துக்கு வந்தது கல்லூரி நாட்களில். கூச்சலும் குடியுமாக இருக்கிற விருந்துகளில் வித்தை காட்டும்போது, பேசினால் எதிர்ப்பேச்சு வருகிறது, பேசாவிட்டால் கிண்டல் செய்பவனுக்குக் கொக்கி கிடைப்பதில்லை என்று கண்டுகொண்டார். மௌனம் அவருக்கு ஆயுதம்.

ஆனால் பேசாமல் இருப்பதும், பேச எதுவும் இல்லாமல் நிற்பதும் வேறு வேறு. மேடையில் பேசாதவருக்கு ஒவ்வொரு ஐட்டத்திலும் ஒரு ஆசை இருக்க வேண்டும். காசு ஐட்டத்தில் உங்களுக்குப் பேராசை, எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். அவருக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை, பட்டாம்பூச்சி பிடிப்பதைப் போல விளையாட்டுக்குப் பிடிக்கிறார். கயிறு ஐட்டத்தில் நீங்கள் "நடுவில் வெட்டுகிறேன்" என்று அளந்துகொண்டிருக்க, அவருக்கு அது வீணாகிறதே என்ற கவலை. இந்த ஆசை தெரிந்தால் முகத்தில் வெறுமை தானாகவே போய்விடும். முகத்துக்குச் சாயம் பூசி ஊமைக் கோமாளியாக்கிவிடாதீர்கள், அது சர்க்கஸ் வேலை. அவர் உங்கள் காதில் கிசுகிசுப்பதும் கூடாது. ஒரு தடவை உதடு அசைந்தால் கட்டிய மௌனம் உடைந்துவிடும்.

நம் ஊர் மேடைக்கு இதெல்லாம் புதிதில்லை. வில்லுப்பாட்டில் "ஆமா" போடுகிறவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், கதை சொல்கிறவருக்கு மூச்சு வாங்க இடமிருக்காது. கவுண்டமணி, செந்தில் ஜோடியில் சத்தம் போடுவது ஒருவர், சிரிப்பைக் கிளப்பும் கேள்வியைக் கேட்பது இன்னொருவர். அவர்களைப் பார்த்து அடியும் உதையுமாகப் போய்விடாதீர்கள். பள்ளி விழாவில் மைத்துனரை நீங்கள் தலையில் தட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், தலைமையாசிரியர் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார். கூடவே, அவருடைய மனவருத்தமும் இரண்டு மடங்காகும். ஜோடியில் கெட்டிக்காரர் அவராகவும், ஏமாறுகிறவர் நீங்களாகவும் இருக்கட்டும். மைக் இருப்பவன் தோற்பதைப் பார்க்க ஜனங்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

"அசிஸ்டன்ட்" என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற வேலையின் கனம் தெரிய 1956 ஏப்ரல் 9 ஒன்று போதும். அன்று வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் தீப்தி தே என்ற இளம்பெண்ணை மின்ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அறுத்த பிறகு அவள் கையைத் தேய்த்துக் கூப்பிட்டார், அவள் எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். நேரம் முடிந்துவிட்டதென்று அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். பெண் செத்துவிட்டாள் என்று நினைத்து ஜனங்கள் பி.பி.சி.க்குப் போன் மேல் போன் போட்டார்கள். சர்க்கார் லண்டனில் ஒரே இரவில் பிரபலமானது இப்படித்தான். ரம்பம் பொதுவானது, எத்தனையோ பேரிடம் இருந்தது. மூச்சு தெரியாமல் அசையாது கிடந்த உடம்பு அந்தப் பெண்ணுடையது.

இனி சமிக்ஞை. எல்லோரும் "தயார்" என்பதற்குச் சைகை வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமாக வேண்டியது "இன்னும் தயார் இல்லை". சட்டையின் மேல் பொத்தானை அவர் தொட்டால் நீங்கள் பேச்சை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று தலா 20 விநாடி ஓடக்கூடிய மூன்று பேச்சுத் துண்டுகளை மனப்பாடமாக வைத்திருங்கள். மேடையில் புதிதாக யோசித்து நீட்டினால் குரலில் தெரியும். உங்கள் பக்கத்துச் சைகை வார்த்தையாக இருக்கலாம். ஆனால் ஜனங்களிடம் சாதாரணமாகச் சொல்லிவிடக்கூடிய வார்த்தையாக இருக்கக்கூடாது. "ஒன், டூ, த்ரீ" வைத்துக்கொண்டவர்கள், கூட்டத்தில் குழந்தைகள் முந்திக்கொண்டு "த்ரீ" சொன்னதும் திணறிப்போவார்கள்.

தொப்பி விஷயம் மறதியால் நடந்ததில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால் சொந்தக்காரர் இல்லையென்று அர்த்தம். ஒவ்வொரு பொருளின் அடியிலும் வண்ண டேப் ஒட்டுங்கள், உங்களுக்குச் சிவப்பு, அவருக்குப் பச்சை. மேடையில் அதை எந்தக் கை முதலில் தொடுகிறதோ அவர்தான் வைக்கிறவர். ஷோவுக்குப் பத்து நிமிடம் முன்னால் மேசைகளை மாற்றிக்கொண்டு, மற்றவர் வைத்ததை விரலால் தொட்டு வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பில் சேராது. அதற்கப்புறம் யாரும், கல்யாண வீட்டுக் குழந்தைகள் உட்பட, மேசையை அண்டக்கூடாது. அதற்கு ஒரு கறுப்புத் துணி போர்த்தி, ஒருவர் அங்கேயே நிற்பதுதான் வழி.

ரிசப்ஷன் மேடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணமக்கள் சோபாவும் பூ அலங்காரமும் பாதி மேடையைப் பிடித்துக்கொள்ள, உங்களுக்கு மிஞ்சுவது ஐந்தாறு அடி ஆழம். மூன்று பக்கமும் ஆட்கள். இதற்கு மேல் வீடியோகிராபர் மேடையிலேயே ஏறிப் பக்கவாட்டிலிருந்து எடுப்பார், அது அப்படியே எல்.இ.டி. திரையில் பத்தடி உயரத்துக்கு ஓடும். மனிதக் கண் நீங்கள் பார்க்கும் திசைக்குத் திரும்பும், கேமரா திரும்பாது. நீங்கள் எவ்வளவு அழகாகக் கவனத்தைத் திருப்பினாலும் மைத்துனர் கை திரையில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஷோவுக்கு முன்பே வீடியோகிராபரைப் பார்த்துப் பேசுங்கள்: "அண்ணே, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வராதீங்க, திரையில வைட் ஷாட் மட்டும் போடுங்க" என்று சொல்லித் தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடலாம். மேடையில் யார் கேமராவுக்கு அருகில் நிற்கிறாரோ அவருடைய உடம்பு அந்தப் பக்கத்துக்குத் திரை. தனியாளுக்குக் கிடைக்காத வசதி இது.

மனசைப் படிக்கும் ஐட்டம் உங்கள் ஜோடிக்கு நன்றாகப் பொருந்தும், ஆறு மாதம் பொறுத்தால். நம் தெருக்களில் மோடி வித்தைக்காரர் பையனைப் படுக்க வைத்துக் கறுப்புத் துணி போர்த்தி, "இவர் கையில என்ன?" என்று கேட்டு வாங்குவாரே, அதன் மேடை வடிவம்தான். பாரிஸில் ராபர்ட் ஹூடின் 1846-இல் தன் மகனை வைத்து இதைச் செய்தார். கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது என்று ஜனங்கள் சந்தேகப்பட ஆரம்பித்ததும், பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மணியை மட்டும் தட்டிக் கேட்கத் தொடங்கினார். பிறகு வந்த ஜூலியஸ், ஆக்னஸ் ஜான்சிக் தம்பதியின் பெயரே இந்த ஒரு வித்தையால் நின்றது.

சொற்குறி, அதாவது கேள்விக்குள் பதிலை ஒளித்து அனுப்பும் சொற்களை, தமிழில் கட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 0 முதல் 9 வரை பத்துச் சொல் வேண்டும். பலர் "சொல்", "சொல்லு", "சொல்லுங்க" என்று மூன்றை எளிதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஆளை ஒரு நிமிடத்தில் நீ என்றும் நீங்கள் என்றும் மாற்றி அழைத்தால் தமிழ்க் காது உடனே நிமிர்ந்துவிடும். மரியாதை ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரண்டாவது கண்ணி தவறி விழும் சொல். 3-க்கு "அடுத்து", 7-க்கு "யோசிச்சு", 1-க்கு "சொல்லுங்க" என்று வைத்தீர்கள் என்று வையுங்கள். 37 என்று அனுப்ப நினைத்து "அடுத்து... யோசிச்சு சொல்லுங்க" என்று வாய் பழக்கத்தில் முடித்தால் அவருக்குப் போவது 371. அதனால் வாக்கியத்தை முடிக்க இயல்பாக வரும் வினைச்சொல் எதுவும் பட்டியலில் இருக்கவே கூடாது. முதலில் பத்து எண், பிறகு மண்டபத்தில் ஜனங்களிடம் இருக்கக்கூடிய 30 பொருள்: கைக்கடிகாரம், சாவி, மூக்குக் கண்ணாடி, பேனா, மொய்க் கவர். ரூபாய் நோட்டு எண்ணின் கடைசி ஆறும் இலக்கங்கள் என்பதால் அதைக் கடைசியில் தொடுங்கள். தினமும் 20 நிமிடம், முதல் மாதம் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டாம் மாதம் முதுகு காட்டி, மூன்றாம் மாதம் டிவி ஓடுகிற அறையில். சமிக்ஞை காதில் விழாவிட்டால் அவர் நெற்றியைத் தேய்க்கட்டும். நீங்கள் திரும்ப அனுப்பும்போது வேறு வாக்கியத்தில் அனுப்புங்கள். இங்கே மட்டும் அவர் பேச வேண்டியிருக்கும். ஷோ முழுக்க வாய் திறக்காதவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுகிற முதல் சொல்லுக்கு மண்டபம் அடங்கிவிடும்; கூச்சக்காரரின் மெல்லிய குரலே இதற்குப் பொருத்தம். ஒன்று, மேடையை விட்டு இறங்கி "சக்தி இருக்கிறது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்த நாளே தொலைந்த நகையைக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்து நிற்பார்கள்.

பெட்டி ஐட்டம் இப்போது வேண்டாம். பூட்டிய பெட்டிக்குள் ஆள் மாறுவதை ஹூடினி கல்யாணத்துக்கு முன் தன் தம்பியோடு செய்துகொண்டிருந்தார். 1894-இல் கல்யாணமானதும் தம்பியின் இடத்துக்கு மனைவி பெஸ் வந்தார். பெஸ் மெலிந்த, சிறிய உடம்பு. பெட்டிக்குள் போவதும் வருவதும் வேகமாயிற்று. மூன்று விநாடியில் மாற்றம் என்று விளம்பரம் செய்தார்கள். பின்னாளில் ஜொனாதன், சார்லட் பெண்டிராகன் ஜோடி அதை ஒரு விநாடிக்குள் கொண்டுவந்தது. பார்ப்பதற்குப் பெட்டி வித்தை. உண்மையில் இரண்டு உடம்புகளின் வித்தை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாட்டசாட்டமாக இருந்தால் பெட்டி பெரிதாகும், பெரிய பெட்டியைப் பார்த்தவுடன் "ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு" என்று தோன்றிவிடும். செய்தே ஆகவேண்டும் என்றால், குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்ட நிலையில் இரண்டு பேரின் தோள் அகலத்தையும் தலை உயரத்தையும் அளந்துவிட்டுத் தச்சரிடம் போங்கள், கடையில் இருப்பதை வாங்கி உடம்பை அதற்குள் திணிக்காதீர்கள். காற்றுத் துளை இரண்டு பக்கமும், உள்ளே இருப்பவர் மூன்று நிமிடத்துக்கு மேல் அடைந்திருக்கக் கூடாது, மாற்றுச் சாவி மேடையோரம் மூன்றாம் ஆளின் கையில். உள்ளிருந்து இரண்டு தட்டு என்றால் ஷோ நின்று பெட்டி திறக்க வேண்டும். அந்த மூன்றாம் ஆள் உங்களிடம் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? சீக்ஃபிரீட், ராய் ஜோடியில் சீக்ஃபிரீட் வித்தைக்காரர், ராய் மிருகங்களைப் பழக்குபவர். 2003 அக்டோபர் 3 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் புலி ராயைக் கடித்துக் காயப்படுத்தியது, அந்த ஷோ அத்தோடு நின்றது. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய முடியாதபடி பிரிந்திருந்தது. மறுபக்கம் அடிலெய்ட் ஹெர்மன். கணவர், வித்தைக்காரர் அலெக்சாண்டர் ஹெர்மன், 1896 டிசம்பரில் இறந்தார். கணவரின் உறவினர் லியோனை வைத்து மூன்று சீசன் ஓட்டினார், ஒத்துவரவில்லை. பிறகு தனியாகவே மேடையேறி இருபது வருடங்களுக்கு மேல் நடத்தினார். மேடையில் கூடவே நின்ற காலத்தில் எல்லா ஐட்டத்தின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் பத்து ஒத்திகைக்கு ஒரு தடவை இடத்தை மாற்றிச் செய்யுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். நன்றாக வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் கை எங்கே திணறுகிறது என்று உங்களுக்கும், பேச்சில் மூச்சு எங்கே முட்டுகிறது என்று அவருக்கும் புரியும். கூடவே தலா 15 நிமிடத்துக்குத் தனி ஷோ ஒன்று தயாராக இருக்கட்டும்.

ஒத்திகையைப் போனில் எடுத்து மூன்று தடவை பாருங்கள். முதலில் சத்தமில்லாமல். பிறகு திரையில் உங்கள் பாதியை அட்டையால் மறைத்துவிட்டு அவரை மட்டும். கடைசியாக அவரை மறைத்துவிட்டு உங்களை மட்டும். அவருடைய பாதியை மட்டும் பார்க்கும்போது, இந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று எந்த இடத்தில் தெரியாமல் போகிறதோ, அங்கேதான் அவர் எடுபிடியாகிறார்.

9 ஐட்டத்தை 6 ஆகக் குறையுங்கள். வெட்டுவது சுலபம்: இரண்டாவது ஆள் இல்லாமல் தனியாளாகவே செய்துவிடக்கூடிய மூன்று ஐட்டங்கள் எவை என்று பாருங்கள், அவைதான். தொடக்கம் மூன்று நிமிடம் இசையோடு, பேச்சே இல்லாமல் இருக்கட்டும். நீங்கள் மைக்கைத் தொடுவதற்கு முன்பே அவருடைய கைக்கு ஒரு கைத்தட்டல் கிடைத்துவிட வேண்டும். முடிவில் கடைசி அசைவும் அவருடையதே. வணங்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வருவது என்று டேப் ஒட்டிப் பழகுங்கள். நீங்கள் அரை அடி முன்னால் நின்றால் போதும், மண்டபம் யாருக்குக் கை கொடுப்பது என்று முடிவு செய்துவிடும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, உறவுக்குள் என்பதால் பேசாமல் விட்டிருப்பீர்கள். வண்டி வாடகை, டேப், பேட்டரி போன்ற செலவைக் கழித்து, பொருள் வாங்க ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியைச் சரிபாதியாகப் பிரியுங்கள். பேசுகிறவருக்குக் கூட என்று ஒரு வழக்கம் சில குழுக்களில் உண்டு; உங்கள் விஷயத்தில் அது ஒரு வருடம் தாங்காது. எந்தப் பொருள் யார் காசில் வாங்கியது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பென், டெல்லர் இருவரும் தங்கள் உறவு பாசத்தின் மேல் கட்டியதில்லை, ஒருவர் வேலையின் மேல் மற்றவருக்கு இருக்கிற மதிப்பின் மேல் கட்டியது என்று வெளிப்படையாகவே பேசுகிறவர்கள். உங்களுக்குப் பாசம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் நோட்டு இன்னும் அவசியம்.

அடுத்த பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது "இன்னாரும் குழுவினரும்" என்று போடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். படத்தில் காசு வாளியை நீங்கள் பிடித்திருக்க, அவர் கை காற்றில் இருக்கட்டும்.